உடைக்காமல் எண்ணிய பற்கள்

2005-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து ஏதென்ஸ் நகரத்துக்கு ஓர் எக்ஸ்ரே இயந்திரம் வந்து இறங்கியது. எடை எட்டு டன். டிரிங் என்ற சிற்றூரில் இருந்த எக்ஸ்-டெக் நிறுவனம் அதைக் கட்டியிருந்தது. டர்பைன் இதழ்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஏதும் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகப் பிறந்த கருவி அது. அதனால் 'பிளேடு ரன்னர்' என்று பெயர். ஆனால் ஏதென்ஸில் அதற்காகக் காத்திருந்தவை டர்பைன் இதழ்கள் அல்ல, தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் பச்சைக் களிம்பு ஏறிய வெண்கலத் துண்டுகள். அவற்றில் பெரியது ஒரு புத்தகத்தின் அகல நீளம்தான் இருக்கும். அந்தத் துண்டை இயந்திரத்திடம் கொண்டுபோவதைவிட எட்டு டன் இயந்திரத்தைத் துண்டிடம் கொண்டுவருவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்திருந்தார்கள். பொருள் அவ்வளவு நொறுங்கக்கூடியது, அவ்வளவு விலைமதிப்பற்றது.

அன்டிகிதேரா இயந்திரம் என்று உலகம் அதை அழைக்கிறது. கிரேக்கத்தின் தெற்கே, கிரீட் தீவுக்குப் போகும் வழியில் இருக்கும் குட்டித் தீவு அன்டிகிதேரா. 1900-இல் கடற்பஞ்சு எடுக்கப் போன சிமித் தீவுக்காரர்கள் காற்றுக்கு ஒதுங்கி அங்கே நங்கூரமிட்டபோது, கடலுக்கடியில் ஒரு கப்பல் சிதைந்து கிடப்பதைக் கண்டார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய சரக்குக் கப்பல். வெண்கலச் சிலைகள், பளிங்குச் சிலைகள், கண்ணாடிப் பாத்திரங்கள், ஜாடிகள் எல்லாம் மேலே வந்தன. கூடவே அடையாளம் தெரியாத ஒரு கட்டியும் வந்தது. சிலைகளைச் சீராக்கும் அவசரத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1902 மே மாதம் அந்தக் கட்டி பிளந்திருந்ததையும், உள்ளே பல்சக்கரம் ஒன்று தெரிந்ததையும் வலேரியோஸ் ஸ்டைஸ் என்ற தொல்லியலாளர் கவனித்தார். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கப்பலில், மில்லிமீட்டர் அளவுப் பற்கள் வெட்டிய சக்கரம். அந்த நுட்பத்தில் அடுத்த பல்சக்கரப் பொறிகள் ஐரோப்பாவில் தென்படுவதற்கு அதற்குப்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகின்றன.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படாதவர் யார்? ஆனால் பிரிக்க முடியாது. கடல்நீரின் உப்பு அந்த வெண்கலத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தின்றுவிட்டது. தாமிரம் இருந்த இடத்தில் தாமிரத்தின் உப்புகளும், தகரம் இருந்த இடத்தில் தகரத்தின் ஆக்ஸைடும் உட்கார்ந்திருக்கின்றன. சக்கரத்தின் வடிவம் இருக்கிறது, சக்கரத்தின் உலோகம் இல்லை. சக்கரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டன. களிம்பைச் சுரண்டினால் அதோடு பல்லும் போய்விடும். பழைய பொருள்களை அரங்குக்குத் தயார்செய்கிறவர்கள் 'துப்புரவு' என்ற பெயரில் எவ்வளவு தகவலை உதிர்த்திருக்கிறார்கள் என்பது தனிக் கதை. இங்கே நல்லவேளையாகக் கொஞ்சம்தான் உதிர்ந்தது.

எனவே உடைக்காமல் பார்க்கவேண்டும். ராண்ட்கன் 1895-இல் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த கையோடு மனைவியின் கை எலும்பை மட்டுமல்ல, தன் வேட்டைத் துப்பாக்கியையும் படமெடுத்துப் பார்த்தார். உலோகத்துக்குள் பார்ப்பது அவ்வளவு பழைய ஆசை. ஆனால் உலோகம் எலும்பைப்போல இணங்கி வருவதில்லை. எக்ஸ் கதிர் ஒரு பொருளுக்குள் நுழையும்போது அங்குள்ள எலெக்ட்ரான்களோடு மோதிக் குறைகிறது. அணு எண் கூடக் கூட, அடர்த்தி கூடக் கூட, குறைவும் கூடுகிறது. மருத்துவப் படங்களுக்குப் பயன்படுவதுபோன்ற, நூறு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட கதிரை ஒரு சென்டிமீட்டர் எலும்பில் செலுத்தினால் பத்தில் ஏழு பங்கு மறுபக்கம் வந்துவிடும். அதே கதிர் ஒரு சென்டிமீட்டர் தாமிரத்தைக் கடக்க முயன்றால் நூற்றில் இரண்டு பங்குகூட வெளியே வராது. ஆஸ்பத்திரி ஸ்கேனில் உலோகப் பல் வைத்தவரின் படம் முழுக்க வெள்ளைக் கீற்றுகள் தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கதிர் வராத இடத்தில் கணினி தடுமாறுவதால் வரும் வினை அது. உலோகத்தைப் படமெடுக்க ஆற்றல் கூடிய கதிர் வேண்டும். ஆற்றலைக் கூட்டினால் நுட்பமான வேறுபாடுகள் மங்கும். இந்த இழுபறிதான் இந்தத் துறையின் அன்றாடம்.

அன்டிகிதேரா துண்டுகளுக்குள் முதலில் எட்டிப்பார்த்தவர் டெரெக் டி சோலா பிரைஸ் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர். 1959-லேயே 'பண்டைக் கிரேக்கக் கணினி' என்று அதைப் பற்றி எழுதி உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தவர் அவர். 1970-களின் தொடக்கத்தில் கிரேக்க அணுசக்தி ஆணையத்தின் இயற்பியலாளர் காராலம்போஸ் காரகலோஸ் அவருக்காக எக்ஸ் கதிர்களாலும் காமா கதிர்களாலும் துண்டுகளைப் படமெடுத்தார். படச்சுருளில் சக்கரம் சக்கரமாகத் தெரிந்தது. வெளியே சில சக்கரங்கள்தான் தெரியும். உள்ளே முப்பது இருந்தன.

சிக்கல் என்னவென்றால், அந்தப் படம் நிழல். முன்னால் இருக்கும் சக்கரமும் பின்னால் இருக்கும் சக்கரமும் ஒரே தாளில் விழுந்துவிடும். ஒரே வாசலில் பத்துப் பேர் பத்துக் கோலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போனால், எந்தப் புள்ளி எந்தக் கோலத்துடையது என்று எப்படிச் சொல்வது? காரகலோஸ் குடும்பத்தார் பொறுமையாகப் பற்களை எண்ணினார்கள். பல சக்கரங்களில் பாதிப் பற்கள்தான் மிச்சம். தெரியும் வில்லை அளந்து முழுச் சுற்றுக்கு எத்தனை வரும் என்று கணக்கிட வேண்டும். எண்ணிக்கை ஒன்றிரண்டு முன்னே பின்னே ஊசலாடும். அந்த ஊசலாட்டத்தில் பிரைஸ் வானியலின் கையைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது ஆண்டுகளில் நிலவு வானத்தை 254 முறை சுற்றிவருகிறது. 254-இல் பாதி 127. ஒரு சக்கரத்துக்கு 127 பற்கள் என்று அவர் வைத்துக்கொண்டார். பிற்கால ஸ்கேன்களும் அதையே காட்டின.

ஆனால் இதே துணிச்சல் வேறு இடங்களில் அவரைக் கவிழ்த்தது. எந்தச் சக்கரம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது நிழலில் தெரியாததால், நவீன மோட்டார் வண்டியில் இருப்பதுபோன்ற வேறுபாட்டுப் பல்சக்கர அமைப்பு உள்ளே இருப்பதாக 1974-இல் வெளிவந்த தன் பெரிய ஆய்வில் நிறுவினார். அழகான யோசனை. பல பாடநூல்களும் அதை ஏற்றுக்கொண்டன. அப்படி ஒன்று அங்கே இல்லை.

அதைக் காட்டியவர் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மைக்கேல் ரைட். கையால் சக்கரம் வெட்டத் தெரிந்தவர். 1990-களில் சிட்னி பல்கலைக்கழகக் கணினியியலாளர் ஆலன் புரோம்லியோடு சேர்ந்து, ஆழத்தைப் பிரித்துப் பார்க்க ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டார். எக்ஸ் கதிர் மூலத்தை நிலையாக வைத்து, பொருளையும் படச்சுருளையும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்து நகர்த்தவேண்டும். அப்போது ஒரே ஒரு தளம் மட்டும் படத்தில் கூர்மையாக நிற்கும். அதற்கு மேலும் கீழும் உள்ளவை கலங்கிப்போகும். தளத்தை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார்கள். படச்சுருளைக் கழுவி, உலர்த்தி, விளக்கின்மேல் வைத்து, அளவுகோலோடு குனிந்து பார்க்கும் வேலை. பின்புற முகப்பில் இருந்தவை வட்ட வட்டமான வளையங்கள் அல்ல, ஒரே கோடாகச் சுருண்டு செல்லும் சுருள்கள் என்று ரைட் கண்டுபிடித்தது பெரிய திறப்பு. இந்தக் கதையை எழுதும் பலர் பிளேடு ரன்னரின் புகழில் ரைட்டை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

2005-இல் வந்தது அடுத்த படி. கார்டிஃப் பல்கலைக்கழக வானியலாளர் மைக் எட்மண்ட்ஸ், கணிதம் படித்துப் படமெடுக்கப் போன டோனி ஃபிரீத், கிரேக்கத்து வானியலாளர்கள் ஜான் செய்ராடாகிஸ், செனஃபோன் மூசாஸ் ஆகியோர் சேர்ந்த குழு. பிளேடு ரன்னரின் மின்னழுத்தம் 450 கிலோ வோல்ட். கதிர் பிறக்கும் புள்ளி மிகச் சிறியது என்பதுதான் முக்கியம். விளக்கு சிறிதாக இருந்தால்தானே நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளி அசையாமல் படுத்திருக்க, கருவி சுற்றும். இங்கே கருவி அசையாமல் நிற்க, துண்டு ஒரு சுழல்மேடையில் மெதுவாகத் திரும்பும். ஒவ்வொரு சிறு திருப்பத்துக்கும் ஒரு படம். இப்படி ஆயிரக்கணக்கான நிழல்கள் சேர்ந்தபின், எந்த உள்ளமைப்பு இருந்தால் இத்தனை கோணத்திலும் இத்தனை நிழலும் விழும் என்று கணினி பின்னோக்கிக் கணக்கிடுகிறது. விடையாகக் கிடைப்பது ஒரு படமல்ல, ஒரு கன வடிவம். முடியின் தடிமனை ஒத்த சிறு கட்டங்களாகப் பிரித்த ஒரு பொருள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அடர்த்தி எண். பிறகு அதைத் திரையில் எந்தத் தளத்திலும், எந்தச் சாய்விலும் வெட்டிப் பார்க்கலாம். வாளே இல்லாமல் ஆயிரம் முறை வெட்டலாம்.

வெளிப்பரப்புக்கு இன்னொரு கருவி வந்திருந்தது. எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு கொண்டுவந்த அரைக்கோளக் கூடாரம். உள்ளே 50 விளக்குகள். கேமரா உச்சியில் அசையாமல் இருக்க, விளக்குகள் ஒவ்வொன்றாக மின்னும். ஒரே காட்சி, 50 கோண வெளிச்சத்தில். அதிலிருந்து மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். பிறகு களிம்பின் நிறத்தை நீக்கிவிட்டு, பளபளக்கும் உலோகத்தின்மேல் பக்கவாட்டு வெளிச்சம் அடித்தால் எப்படி இருக்குமோ அப்படித் திரையில் பார்க்கலாம். தேய்ந்த கல்வெட்டை மாலை வெயிலுக்குக் காத்திருந்து படிக்கும் நம் கல்வெட்டாளர்களுக்கு இதன் தத்துவம் புதிதல்ல. இந்த முறை இப்போது செப்பேடு, நாணயம், ஓவியம் என எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது.

2006 நவம்பரில் முடிவுகள் 'நேச்சர்' இதழில் வந்தன. ஒரு பெரிய சக்கரத்தின் பற்கள் 223 என்று தெரிந்தது. கிரகணக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணைக் கேட்டதும் பொறி தட்டும். 223 சந்திர மாதங்கள், அதாவது 18 ஆண்டு 11 நாள் 8 மணி நேரம் கழிந்தால் சூரிய, சந்திர கிரகணங்கள் அதே வரிசையில் திரும்ப வரும். பாபிலோனியர் அறிந்திருந்த சுழற்சி இது. இயந்திரத்தின் பின்பக்கக் கீழ்ச்சுருள் முழுக்க 223 கட்டங்கள். கிரகணம் வரக்கூடிய மாதத்தில் மட்டும் ஒரு குறியீடு, நிலவுக்கு ஓர் எழுத்து, சூரியனுக்கு ஓர் எழுத்து, கூடவே மணி. எட்டு மணி நேர மீதி மூன்று சுழற்சியில் ஒரு நாளாகிவிடும் என்பதால் அதைச் சரிசெய்ய ஒரு குட்டி முகப்பு வேறு. மேல்சுருள் 235 மாதங்களுடையது. 19 சூரிய ஆண்டுக்கு 235 சந்திர மாதம். அதாவது பன்னிரண்டு மாத ஆண்டுகள் பத்தொன்பதுக்கு மேல் ஏழு அதிக மாதங்கள். அதிக மாதம் பார்த்துக் கல்யாணத் தேதி தள்ளிவைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் வியப்பு அந்த 223 பல் சக்கரத்தின் முதுகில் இருந்தது. அங்கே 50 பற்கள் கொண்ட இரண்டு சக்கரங்கள், ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று. ஏறக்குறைய என்பதுதான் இங்கே எல்லாம்: அவற்றின் அச்சுகள் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமாக விலகியிருக்கின்றன. ஒன்றில் ஒரு சிறு முளை. மற்றதில் ஒரு நீள்துளை. முளை துளைக்குள் நுழைந்து அடுத்த சக்கரத்தைத் தள்ளும். அச்சுகள் விலகியிருப்பதால், சீராகச் சுற்றும் முதல் சக்கரம் இரண்டாவதை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் சுற்றவைக்கும். நிலவு அப்படித்தான் போகிறது: பூமிக்கு அருகே வரும்போது விரைவாக, தொலைவில் போகும்போது மெதுவாக. அந்த அருகிடமும் ஒரே திசையில் நிற்பதில்லை, ஒன்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஒரு சுற்று நகர்கிறது. அதனால்தான் இந்த இணை தானும் மெல்லச் சுழலும் பெரிய சக்கரத்தின்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. முளையையும் துளையையும் ரைட் ஏற்கெனவே பார்த்திருந்தார். ஆனால் அது இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை என்று ஒதுக்கியிருந்தார். 223 என்ற எண்ணிக்கை உறுதியானபின்தான் ஃபிரீத்துக்கு அது பொருந்தியது. கண்ணுக்குத் தெரிந்த பொருளே, ஒரு பல் எண்ணிக்கை வரும்வரை அர்த்தமில்லாமல் கிடந்திருக்கிறது.

ஸ்கேனின் இன்னொரு பரிசு எழுத்து. துண்டுகளின் வெளியே தெரியும் எழுத்துகளோடு, ஒட்டிப்போன தகடுகளுக்கு நடுவிலும் எழுத்துகள் இருந்தன. சில ஒன்றரை மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாதவை. கப்பல் மூழ்கியதிலிருந்து யாரும் படிக்காத வரிகள். 2016-இல் வெளியான தொகுப்பில் படிக்கப்பட்ட எழுத்துகள் ஏறக்குறைய 3,400. மாதப் பெயர்கள் கொரிந்த் நகர வழக்கைச் சேர்ந்தவை என்று ஸ்கேன் காட்டிய எழுத்துகளிலிருந்துதான் தெரிந்தது. ஒலிம்பியா முதலிய ஊர்களில் நடந்த விளையாட்டு விழாக்கள் எந்த ஆண்டு வரும் என்று காட்டும் முகப்பும் 2008-இல் வெளிச்சத்துக்கு வந்தது. வானியல் கருவி என்று எண்ணிக்கொண்டிருந்தால், திருவிழாக் காலண்டரும் உள்ளே இருக்கிறது. செய்தவர் வாங்குபவரின் மனசு தெரிந்தவர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2005-க்குப் பிறகு நடந்தது. புதிய கேள்விக்காகத் துண்டுகளை மறுபடி தொடவேண்டிய தேவை இல்லை. அந்த ஒரு தடவை எடுத்த தரவு கணினியில் இருக்கிறது. அதன்மேல் புதிய ஆள்கள் புதிய கேள்விகளோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். முன்பக்க மூடியின் எழுத்துகளில் வெள்ளிக்கு 462 ஆண்டு, சனிக்கு 442 ஆண்டு என்ற சுழற்சிகள் படிக்கப்பட்டன. இரண்டும் சிறு எண்களின் பெருக்கமாக உடையும் என்பதால் பல்சக்கரம் வெட்டுவதற்கு வசதியானவை. கிரகங்களைக் காட்டும் பகுதி அழிந்துபோயிருந்தாலும், அது எப்படி இருந்திருக்கலாம் என்று 2021-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக் குழு ஒரு மாதிரியை முன்வைத்தது.

முன்முகப்பின் காலண்டர் வளையத்துக்கு அடியில் வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. வளையத்தை நகர்த்திப் பொருத்துவதற்காக. எகிப்திய ஆண்டுக்கு 365 நாள் என்பதால் துளைகளும் 365 என்றே எல்லோரும் வைத்துக்கொண்டிருந்தார்கள். வளையத்தில் மிஞ்சியிருப்பது கால்வாசிதான். 2020-இல் கிறிஸ் புடிசெலிச் என்ற ஆஸ்திரேலியக் கைவினைஞரும் அவர் குழுவும் பழைய ஸ்கேனில் துளைகளின் இடங்களை ஒவ்வொன்றாக அளந்து, 365 பொருந்தவில்லை என்றார்கள். 2024-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிரஹாம் வோனும் ஜோசஃப் பேலியும் அதே அளவுகளை எடுத்து, ஈர்ப்பலைகளை அலசப் பயன்படுத்தும் புள்ளியியல் முறைகளில் போட்டுப் பார்த்தார்கள். 354 அல்லது 355 துளைகள் என்பதே மிக அதிக வாய்ப்புள்ள விடை. 354 நாள் என்பது பன்னிரண்டு சந்திர மாதம். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: 77.1 மில்லிமீட்டர் ஆரத்தில் துளையிட்ட அந்தக் கை, ஆரத்தில் தவறிய அளவு சராசரியாக 0.028 மில்லிமீட்டர். நாள்காட்டி எது என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது. கையின் திறமையில் வழக்கே இல்லை.

'சேதமில்லா' முறை என்று சொன்னாலும் கொஞ்சம் பார்த்துத்தான் நடக்கவேண்டும். உள்ளே களிமண் கருவை வைத்து வார்த்த சிலைகளின் வயதை, அந்தக் களிமண்ணைச் சூடாக்கினால் வரும் ஒளியைக் கொண்டு கணிக்கும் முறை ஒன்று இருக்கிறது. மண் சுட்ட நாளிலிருந்து அது வாங்கிய இயற்கைக் கதிர்வீச்சின் கணக்கு அந்த ஒளி. அதை எடுப்பதற்கு முன் சிலையை வலிமையான எக்ஸ்ரேயில் வைத்துவிட்டால், களிமண் ஒரே நாளில் பல நூற்றாண்டுக் கதிரை வாங்கிவிடும். சிலையின் தோற்றத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. வயது மட்டும் போயே போய்விடும். அதனால் விவரம் தெரிந்த அருங்காட்சியகங்கள் முதலில் துளி மண்ணை எடுத்து வைத்துக்கொண்டுதான் ஸ்கேனுக்கு அனுப்புகின்றன.

எக்ஸ்ரேயின் கண்ணுக்குப் படாத சங்கதிகளுக்கு நியூட்ரான் இருக்கிறது. நியூட்ரானுக்கு மின்னேற்றம் கிடையாது. எலெக்ட்ரான் கூட்டத்தைச் சட்டை செய்யாமல் போய் அணுக்கருவோடுதான் மோதும். அதனால் அதன் விருப்பு வெறுப்பு எக்ஸ்ரேக்கு நேர்மாறு. ஒரு சென்டிமீட்டர் ஈயத்தை வேகம் குறைந்த நியூட்ரான்களில் மூன்றில் இரண்டு பங்கு சாதாரணமாகக் கடந்துவிடும். தாமிரத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடக்கும். அதே தடிமன் தண்ணீரைக் கடக்க வந்தால் சில சதவீதம்தான் தேறும், காரணம் ஹைட்ரஜன். மரம், துணி, மெழுகு, காகிதம், விதை எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் உண்டு. ஆகவே உலோகம் கண்ணாடியாகிவிடும், உள்ளே இருக்கும் மென்மையான பொருள்கள் தெரியும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் எபர்ஹார்ட் லேமன் குழு திபெத்திய உலோகப் புத்தர் சிலைகளை இப்படிப் பார்த்தது. அந்தச் சிலைகளின் வயிற்றுக்குள் புனிதப் பொருள்களை நிரப்பி, அடித்தகட்டை மூடிவிடுவார்கள். திறந்தால் சிலையின் புனிதம் போய்விட்டது என்பது நம்பிக்கை. பிராணப் பிரதிஷ்டை என்றால் என்னவென்று அறிந்தவர்களுக்கு இது புரியும். நியூட்ரான் படத்தில் மூடிய தகடு மூடியபடி இருக்க, உள்ளே நிரப்பியிருந்தவை தெரிந்தன.

விலை உண்டு. நியூட்ரான் கற்றைக்கு அணு உலையோ பெரிய துகள்முடுக்கியோ வேண்டும். அதை லாரியில் ஏற்றி ஏதென்ஸுக்கு அனுப்ப முடியாது. நியூட்ரானை விழுங்கிய பொருளும் கொஞ்ச காலம் கதிர் வீசும். தாமிரத்தில் உண்டாகும் தாமிரம்-64 பாதியாகக் குறைய 12.7 மணி நேரம். சில நாள் காத்திருந்தால் அடங்கிவிடும். வெள்ளியில் உண்டாகும் ஒரு வகைக்கு 250 நாள். கடன் வாங்கிய வெள்ளி நாணயத்தை ஒரு வருஷம் ஆய்வகத்திலேயே பூட்டி வைக்கிறோம் என்று அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுத யாரும் விரும்பமாட்டார்கள்.

நம் பக்கத்துப் பொருள்களுக்கு வந்தால், சோழர் வெண்கலங்கள் இவை எல்லாவற்றையும்விட முரட்டுத்தனமானவை. ஐரோப்பாவின் பெரிய வெண்கலங்கள் பெரும்பாலும் உள்ளே பொள்ளலானவை. சுவர் சில மில்லிமீட்டர். நம் உற்சவ மூர்த்திகள் திண்ணென்ற வார்ப்பு. இடுப்பிலும் பீடத்திலும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் உலோகம். அங்கே பிளேடு ரன்னரும் கண் தெரியாமல் நிற்கும். கோபால்ட்-60 காமா கதிரைக் கொண்டுவந்தால் பத்து சென்டிமீட்டர் தாமிரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத் தப்பி வரும். படச்சுருளை நீண்ட நேரம் வைத்திருந்தால் அதுவே போதும். கொதிகலன் பற்றவைப்புகளைச் சோதிக்கும் ஆலைகளில் இது தினசரி வேலை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பல்தேவ் ராஜ் குழுவினர் இந்தத் தொழிற்சாலைத் திறமையைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் சிலைகளை நோக்கித் திருப்பினார்கள். ஒவ்வொரு சிலைக்கும் கைரேகைபோல ஓர் அடையாளம் பதிவு செய்ய முடியுமா என்பது அவர்கள் கேள்வி. அதே வளாகத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற 30 கிலோவாட் சிற்றுலை நியூட்ரான் படங்களும் எடுக்கிறது.

அடையாளம் எங்கே இருக்கிறது என்பதுதான் அழகு. ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, மண்பூசி, சுட்டு, மெழுகு ஓடிய வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார். உலோகம் ஆறும்போது உள்ளே காற்று சிக்குகிறது, சில இடம் சுருங்கிப் பொந்து விழுகிறது, ஈயம் திட்டுத் திட்டாகத் தங்குகிறது. எந்தக் குமிழ் எங்கே நிற்கும் என்று ஊற்றியவருக்கே தெரியாது. மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கவேண்டும் என்பதால் மறுபதிப்பும் கிடையாது. போலி செய்பவர் முகத்தைப் பிரதி எடுக்கலாம். உலோகக் கலவையைப் பொருத்தலாம். களிம்பைக்கூட அமிலத்தில் வரவழைக்கலாம். உள்ளே பதினேழாவது குமிழை அதே இடத்தில் உட்காரவைக்க அவரால் ஆகாது. அசலைச் செய்தவரே உயிரோடு வந்தாலும் ஆகாது.

சிவபுரம் நடராஜர் கதையில் இப்படி ஒரு படம் இருந்திருந்தால் என்ற எண்ணம் எழாமல் இருக்காது. தஞ்சை மாவட்டத்துச் சிவபுரத்தில் 1951-இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சிலை. சில ஆண்டுகளில் பழுதுபார்க்க வெளியே போனது, திரும்பிவந்தது நகல். கோயிலில் பூஜை நகலுக்கு நடந்தது. 1965-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று தன் புத்தகத்தில் எழுதியபின்தான் விஷயம் வெளியே வந்தது. அசலோ கைமாறிக் கைமாறி அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் சேகரிப்புவரை போனது, 1986-இல்தான் திரும்பியது. ஒரு நிபுணரின் கண் பிடித்தது. கண்ணுக்குப் பதில், வெளியே போகுமுன் எடுத்த ஒரு படச்சுருள் இருந்திருந்தால், திரும்பிவந்த அன்றைக்கே இன்னொன்று எடுத்து இரண்டையும் விளக்கின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து எடுத்து வைத்த கோயில் சிலைகளின் புகைப்படங்கள், வெளிநாட்டு அரங்குகளில் உள்ள பல சிலைகளை நம்முடையவை என்று நிறுவ உதவின. அவை வெளித்தோற்றத்தின் பதிவு. உள்தோற்றத்தின் பதிவுக்குச் செலவு அதிகம்: காமா மூலத்தை ஊருக்குள் கொண்டுவர அணுசக்தி ஒழுங்குமுறை அனுமதி, கதிர்ப் பாதுகாப்பு வேலி, பயிற்சி பெற்ற ஆள், ஒரு சிலைக்குப் பல மணி நேரம். எல்லாக் கோயில்களுக்கும் ஒரே மூச்சில் நடக்கிற காரியமில்லை. வரிசை ஒன்று வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், பழுதுபார்க்கவோ கண்காட்சிக்கோ கோயில் வாசலைத் தாண்டப்போகும் சிலைகளை, அவை தாண்டுவதற்கு முந்தைய நாள் படமெடுப்பதிலிருந்து தொடங்கலாம்.